கல்லுப்பு, கோலம், படிகாரம்: வீட்டுக்குத் திருஷ்டி கழிப்பது எப்படி?

நிலையில் கட்டிய எலுமிச்சை கறுத்துச் சுருங்கிக் கொட்டைப்பாக்கு மாதிரி தொங்கும். பீரோவுக்குப் பின்னால் எப்போதோ வைத்த உப்புக் கிண்ணம் நீர்விட்டு வழிந்து, தரையில் வெள்ளை வட்டமாகக் காய்ந்திருக்கும். "எல்லாம் முறையாகத்தான் செய்கிறோம், ஆனாலும் வீட்டில் ஒரு கலகலப்பே இல்லை" என்று சொல்கிற பல வீடுகளில் காணக் கிடைக்கும் காட்சி இது. கட்டத் தெரிந்திருக்கிறது, வைக்கத் தெரிந்திருக்கிறது, எடுக்கத்தான் யாருக்கும் நினைவில்லை. சொல்லே திருஷ்டி 'கழித்தல்'. வைத்ததை எடுத்து வீட்டை விட்டு வெளியே அனுப்பினால்தான் காரியம் முடிந்ததாகக் கணக்கு. ஆகவே கீழே ஒவ்வொரு பொருளுக்கும் வைக்கும் முறையோடு, எத்தனை நாளில் எடுப்பது, எங்கே போடுவது என்பதும் சேர்ந்தே வருகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. திருஷ்டிக்கென்று நாம் வைப்பவை மூன்று வகை. திருஷ்டிப் பொம்மை, பூசணி, மிளகாய்ச் சரம் எல்லாம் பார்வையை இழுப்பவை. குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிற அதே கணக்குதான்: வருகிறவர் கண் முதலில் அதில் விழட்டும் என்பது. கோலம், மாவிலைத் தோரணம், மஞ்சள் பூசிய நிலைப்படி இவை வரவேற்பவை. உப்பும் படிகாரமும் உறிஞ்சுபவை. இழுப்பவற்றைத் தெருவைப் பார்த்து வைக்க வேண்டும், உறிஞ்சுகிற உப்பை ஆள் புழங்காத மூலையில் வைக்க வேண்டும், படிகாரம் மட்டும் நிலைக்கு வெளியே தொங்கும். ஹாலுக்குள் சோபாவுக்கு மேலே திருஷ்டி முகத்தை மாட்டி வைப்பவர்கள் தினமும் தாங்களே அதன் முகத்தில் விழிக்கிறார்கள், வேறு பலன் இல்லை.

உப்பும் பாத்திரமும்

கல்லுப்புதான் வேண்டும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் விளைந்து வருகிற பெரிய படிகம். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு கெட்டி தட்டாமல் இருப்பதற்காக வேறு பொருளும் சேர்த்து அரைக்கப்படுவது, ஆனாலும் திறந்த கிண்ணத்தில் வைத்தால் ஈரக்காற்றில் பாளமாக இறுகும். கையில் அள்ளிச் சுற்றவும் வராது. அயோடின் சேராத மூட்டை உப்பு இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் சமையலுக்கு அதை எடுக்காதீர்கள், சாப்பாட்டுக்கு அயோடின் உப்புதான்.

சமையல் உப்பு மகாலட்சுமி. புதுமனை புகும்போது மஞ்சளோடும் அரிசியோடும் உப்பு முதலில் உள்ளே போவதும், விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுக்காததும் அதனால்தான். திருஷ்டிக்கு வைக்கும் உப்போ அழுக்கைச் சுமந்து வெளியேற வேண்டிய உப்பு. இரண்டையும் ஒரே ஜாடியிலிருந்து எடுக்காமல், இதற்கென்று ஒரு கிலோ தனியாக வாங்கி, சமையலறைக்கு வெளியே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிடுங்கள். வைத்து எடுத்த உப்பு திரும்ப அந்த டப்பாவுக்குள் போகக் கூடாது.

பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். பித்தளையும் செம்பும் உப்பு பட்டால் பச்சைக் களிம்பு பூக்கும், இரும்பு துருவேறும், எவர்சில்வரில்கூட மாதக்கணக்கில் உப்பு கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். மண் கிண்ணம் பார்க்க அழகுதான். ஆனால் உப்பு நீர் மண்ணுக்குள் ஊறி வெளிப்பக்கமாகப் படிகம் கட்டும்போது, கிண்ணத்தின் மேல்தோல் பொரிப்பொரியாக உதிரும். மண்தான் வேண்டுமென்றால் மெருகு பூசிய ஊறுகாய் ஜாடி வகை எடுங்கள்.

முதலில் துடைப்பம்

ஒட்டடையும் குப்பையும் இருக்கிற வீட்டில் உப்பு வைப்பது எண்ணெய்த் தலையில் பவுடர் போடுவது போல. செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்று எந்த நாளை வைத்துக்கொண்டாலும், பெருக்கும் வேலை விளக்கு வைப்பதற்கு முன்பு முடிந்திருக்க வேண்டும். வெள்ளியன்று ராகு காலம் காலை 10.30 முதல் 12 வரை, செவ்வாயன்று பிற்பகல் 3 முதல் 4.30 வரை. அந்த நேரத்தை விட்டுவிடுவது வழக்கம். ஓடாத கடிகாரம், விரிசல் விட்ட கண்ணாடி, காய்ந்த மாலை, ஜோடி இல்லாத செருப்பு ஆகியவற்றை அன்றைக்கே வெளியேற்றினால் பாதி வேலை முடிந்தது.

பிறகு உப்புத் தண்ணீர். 10 லிட்டர் வாளிக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு, ஏறக்குறைய 50 கிராம். முழுதும் கரைந்த பிறகே துணியை முக்குங்கள், கரையாத கல் டைல்ஸில் கீறல் போடும். கால் ஸ்பூன் மஞ்சள் தூள் போதும். அதற்கு மேல் போனால் டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு மஞ்சளாகி நிற்கும். அப்படி நின்றுவிட்டால் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகத் திரும்பும். வெயில் படுகிற இடமென்றால் சில நாளில் தானே வெளுக்கும்.

உள் அறையில் தொடங்கி வாசலில் முடியுங்கள். துடைத்த தண்ணீரைக் கழிவறையில் ஊற்றிக் கூடவே இரண்டு வாளி நல்ல தண்ணீர் விடுங்கள். துளசி மாடத்திலோ தொட்டிச் செடியிலோ ஊற்றினால் செடி வாடும், வேரிலிருக்கும் நீரை உப்பு இழுத்துவிடும். அப்புறம் "திருஷ்டியை வாங்கிக்கொண்டு துளசி பட்டுப்போயிற்று" என்று சொல்லுவோம்.

உப்புத் தண்ணீர் காய்ந்ததும் அரை மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைத்தே ஆக வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தரையில் தங்கும் உப்புப் படலம் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், நடந்தால் பாதம் ஒட்டும். இரும்பு பீரோவின் கால், கட்டில் கால், கிரில் கதவின் அடிச்சட்டம் எல்லாம் துருப்பிடிப்பது இதனால்தான். சிவப்புச் சிமெண்டுத் தரையும் பளிங்குத் தரையும் இருக்கிற வீட்டில் உப்புத் தண்ணீரே வேண்டாம். நுண்துளை வழியே உள்ளே போன உப்பு பிறகு வெள்ளையாகப் பூத்து வெளியே வரும். அங்கே மஞ்சள் கலந்த தண்ணீரை மாவிலையால் தெளித்தாலே போதும். பிளக் பாயிண்ட் பக்கம் எந்தத் தண்ணீரும் போகக் கூடாது, உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

மூலையில் வைக்கும் உப்பு

வாய் அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் 100 முதல் 150 கிராம் வரை, பாதி உயரத்துக்கு மேல் போகாமல் கல்லுப்பைப் போடுங்கள். அடியில் ஒரு தட்டு கட்டாயம். ஈர உப்பு கிண்ணத்தின் சுவரில் படிகம் படிகமாக ஏறி விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கும். அந்தத் தட்டு இல்லையென்றால் மர அலமாரியில் அழியாத வட்டம் விழும். வைக்கும் இடம் வாசலுக்கு உள்பக்கம் ஒரு மூலை, குளியலறை, வெளிச்சம் வராத படுக்கையறை மூலை. எட்டு மூலைக்கும் எட்டுக் கிண்ணம் தேவையில்லை. இரண்டு வைத்து ஒழுங்காக மாற்றினால் எட்டு வைத்து மறப்பதைவிட மேல். நாயோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டில் தரையில் வைக்கக் கூடாது. உப்பை அள்ளித் தின்றால் இருவருக்குமே ஆபத்து.

உப்பு நீர்த்துப் போனால் திருஷ்டி இறங்கிவிட்டது என்று பொருள் சொல்வதுண்டு. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், உப்பின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சுத்தமான உப்பு காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்விடும். கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே ஐப்பசி அடைமழையில் எந்த வீட்டு உப்பும் ஒரே ராத்திரியில் நீர்விடும், சித்திரை வெயிலில் காற்று உலர்ந்த ஊர்களில் கல்லாகக் கிடக்கும். நீர்த்ததைப் பார்த்துப் பயந்து பரிகாரத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

எடுக்க வேண்டிய காலம்: வெயில் நாளில் வாரம் ஒரு முறை, மழை நாளில் மூன்று நாளுக்கு ஒரு முறை. நிறம் மாறினாலோ தூசி படிந்தாலோ கெடுவுக்குக் காத்திருக்க வேண்டாம். தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் விட்டு, கிண்ணத்தைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த உப்பைப் போடுங்கள். ஈரக் கிண்ணத்தில் புது உப்பைப் போட்டால் மறுநாளே நீர்விடும்.

வெள்ளிக்கிழமை உப்பு தீபம் ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டில் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு அகல் தட்டு, அதற்குள் விளக்கு அகல் என்று இரண்டடுக்கு வையுங்கள். புது அகலை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். ஊறாத அகல் எண்ணெயைக் குடித்து அடிவழியே கசியவிடும், உப்பெல்லாம் எண்ணெயாகும். எண்ணெய் ஊறிய உப்பு தண்ணீரில் கரைந்தாலும் சாக்கடைக் குழாயில் பிசுக்கு கட்டும்.

நிலைப்படியும் கோலமும்

நிலைப்படியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு மஞ்சளைக் குழைத்துப் பூச வேண்டும். ஈரத்தோடு பூசினால் மஞ்சள் வழிந்து இறங்கும். தயிர் பதத்துக்குக் குழைத்த இரண்டு ஸ்பூன் மஞ்சள் மூன்றடி நிலைக்குப் போதும். குங்குமப் பொட்டு 3, 5, 7 என்று ஒற்றைப்படையில். மஞ்சள் பாதி உலர்ந்திருக்கும்போது வைத்தால் பொட்டு நிற்கும். முழுக்கக் காய்ந்தபின் வைத்தது கால் பட்டு உதிரும். ஸ்வஸ்திகம் எழுதினால் மேல் கையின் நுனி வலப்புறம் திரும்ப வேண்டும், அடுத்தது கீழே, அடுத்தது இடம், கடைசி மேலே. பலர் அவசரத்தில் எதிர்ப்புறமாகத் திருப்பிவிடுகிறார்கள். முதலில் கூட்டல் குறியைப் போட்டுவிட்டு, கடிகார முள் போகிற திசையிலேயே நான்கு நுனியையும் மடக்கினால் தப்பாது. நடுவிலுள்ள நான்கு கட்டத்திலும் ஒவ்வொரு புள்ளி.

கோலத்துக்கு வாசல் தெளிக்கும் ஈரம்தான் உயிர். தண்ணீர் தேங்கி நின்றால் மாவு ஊறிக் கரைந்து இழை தடிக்கும். காய்ந்து கிடந்தால் காற்றில் பறக்கும். தெளித்து, பெருக்கித் தள்ளி, தரையில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டாமல் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதத்தில் மாவை எடுங்கள். பெரும்பாலான கோலப்பொடி கல்மாவு, வெள்ளையாக எடுக்கும், விலையும் மலிவு. ஆனால் எறும்புக்கும் குருவிக்கும் போட்டதாகக் கணக்கு வர வேண்டுமானால் பச்சரிசி மாவுதான். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து போடுபவர்கள் எறும்புக்குக் கல்லையும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள்.

காவலுக்கென்று போடும் கோலம் சிக்குக் கோலம். தொடக்கமும் முடிவும் தெரியாமல் இழை தன்னோடு தானே பின்னிக் கிடப்பதால், கெட்டது உள்ளே நுழைந்தால் வழி தெரியாமல் அதிலேயே சுற்றும் என்பது நம்பிக்கை. அப்படியென்றால் இழை ஒன்றாக இருக்க வேண்டும், அது எங்கும் அறுபடக் கூடாது. எல்லாப் புள்ளிக் கணக்குக்கும் ஒற்றை இழை வராது என்பதுதான் இங்கே வருகிற சிக்கல். நேர்ப்புள்ளியில் வரிசை எண்ணையும் ஒரு வரிசையிலுள்ள புள்ளி எண்ணையும் பாருங்கள். இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற எண் 1 மட்டும்தான் என்றால் ஒரே இழையில் முடியும். 3க்கு 4, 4க்கு 5, 5க்கு 7 எல்லாம் ஒற்றை இழை. 3க்கு 3 வைத்தால் மூன்று தனி இழைகள், 4க்கு 6 என்றால் இரண்டு. எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டாலும் சரி, இது மாறாது.

3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்துப் பழகுங்கள். புள்ளிக்குப் புள்ளி நான்கு விரற்கடை. மேல் வரிசை முதல் புள்ளியின் இடப்பக்கம் தொடங்கி, அதன் தலையைச் சுற்றி, முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக இறக்குங்கள். இழை இரண்டாம் புள்ளியின் காலடியில் போய், நடு வரிசையில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நுழைந்து, மூன்றாம் புள்ளியின் காலடியைத் தொட்டு, கடைசி வரிசையில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இறங்கும். அங்கே நான்காம் புள்ளியை அடியில் சுற்றி வளைத்துக்கொண்டு மேல்நோக்கித் திரும்ப வேண்டும். விதி ஒன்றுதான்: நடுவில் எங்கும் திரும்பக் கூடாது, ஓரத்துக்கு வந்தால் மட்டும் ஓரப்புள்ளியை அணைத்து வளைய வேண்டும். கடைசியில் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். சரியாக வந்ததா என்று பார்க்க, இழை தன்னைத் தானே வெட்டுகிற இடங்களை எண்ணுங்கள். 17 இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ நடுவில் வளைத்துவிட்டீர்கள்.

அடுக்குமாடி வீட்டுக்கும் பூஜையறைக்கும் மாக்கோலம் தோது. 100 கிராம் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து மையாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்து, சிறு துணியை முக்கி மோதிர விரல் வழியே இழுக்க வேண்டும். போடும்போது இழை கண்ணுக்கே தெரியாது, காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். தெரியவில்லையே என்று அதன் மேலேயே இன்னொரு முறை இழுத்தால் காய்ந்ததும் தடித்து, வெடித்து, ஏடாகப் பெயரும். ஓரத்தில் காவி அடைத்தால் கோலம் பூரணம். துக்க வீட்டிலும், திதி கொடுக்கும் நாளில் அது முடியும் வரைக்கும் கோலம் போடுவதில்லை.

வாசலில் கட்டுபவை

படிகாரம் எலுமிச்சை அளவுக் கட்டி ஒன்று, கறுப்புக் கயிறு அல்லது துணியில் முடிந்து நிலைக்கு மேலே வெளிப்பக்கம். மழைச்சாரல் அடிக்கும் இடமானால் கரைந்து சொட்டும், சொட்டிய இடத்தில் இரும்புக் கதவு அரிக்கும். அதனால் சன்ஷேடின் கீழ், கதவில் படாமல் தொங்கவிடுங்கள். உப்பையும் எலுமிச்சையையும்விடப் படிகாரத்துக்கு ஆயுள் அதிகம். மாதம் ஒரு முறை, அமாவாசையில் மாற்றினால் போதும்.

எலுமிச்சைச் சரத்துக்கு ஒரு பழம், ஏழு பச்சை மிளகாய். மிளகாயைக் காம்போடு கோக்க வேண்டும், காம்பு போனால் இரண்டே நாளில் அழுகும். கோணி ஊசியில் பருத்தி நூல் போதும். கீழே அடுப்புக்கரித் துண்டு ஒன்று கட்டுவதும் உண்டு. ஆயுள் ஒரு வாரம். நறுக்கிய எலுமிச்சையில் குங்குமம் தடவி நிலையின் இருபுறமும் வைப்பதானால் அன்றே எடுத்துவிட வேண்டும். பளிங்குப் படியில் நேராக வைக்காதீர்கள். புளிப்புச் சாறு பளிங்கை அரித்து மங்கலான தடம் பதிக்கும், எந்தப் பாலிஷ் துணிக்கும் அது போகாது. வெற்றிலையை அடியில் வையுங்கள்.

பூசணி என்றால் சாம்பல் பூத்த வெண்பூசணி. மேலே படர்ந்திருக்கும் அந்தச் சாம்பல்தான் காய்க்குக் காப்பு. அதைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கிக் கட்டினால் சீக்கிரம் அழுகும். காம்பு இரண்டு விரல் நீளமாவது இருக்க வேண்டும், நகம் பட்ட கீறல்கூட இருக்கக் கூடாது. உறியில்தான் தொங்கவிட வேண்டும், காம்பில் கயிறு கட்டினால் ஒருநாள் ஆள் தலையில் விழும். மாதம் ஒரு முறை அடியைத் தட்டிப் பாருங்கள். மெத்தென்றிருந்தாலோ ஈரம் கசிந்தாலோ அன்றே இறக்குங்கள். உள்ளே அழுகிய காய் தரையில் விழுந்து உடைந்தால் அந்த நாற்றம் ஒரு வாரம் நிற்கும்.

ஆகாச கருடன் கிழங்கு நீரும் மண்ணும் இல்லாமலே தொங்கித் துளிர் விடும். கிழங்கில் சேமித்த நீரும் மாவுமே அதற்குப் போதும். தலைகீழாகக் கட்டும் கற்றாழையும் அப்படித்தான். தளிர் காய்ந்து கிழங்கு சுருங்கினால் காலம் முடிந்தது என்று மாற்றிவிடுங்கள். லாடம், சூலம், வேல், சிலுவை, பிறை என்று அவரவர் வழிபாட்டுச் சின்னங்களைத் துடைத்து வைப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு பராமரிப்பு இல்லை.

சுற்றிப் போடுதல்

ஒரு ஆளுக்கு வேண்டியது: ஒரு பிடி கல்லுப்பு, காய்ந்த மிளகாய் 3 அல்லது 5, அரை ஸ்பூன் கடுகு, ஒரு சிட்டிகை தெருமண். கிழக்கு முகமாக உட்காரவைத்து, மூடிய வலக்கையால் தலையிலிருந்து கால்வரை வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்று. "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு" என்று ஊருக்கு ஊர் சொல்மாறும் வரிசை உண்டு, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையே சொல்லுங்கள். முடிவில் அவரை மூன்று முறை துப்பச் சொல்லி, நேராக நெருப்பில். சுற்றுகிறவரைவிடச் சுற்றிக்கொள்பவர் வயதில் பெரியவராக இருந்தால் ஆரத்தியோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

நெருப்புதான் இதில் பிழையாகிற இடம். கேஸ் அடுப்பின் பர்னரில் போடாதீர்கள். உப்பு பர்னர் துளையில் இறங்கி அரித்து அடைக்கும், அடுத்த வாரமே சுடர் மஞ்சளாக எரியத் தொடங்கும். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ ஒரு பழைய மண்சட்டியில் கொட்டாங்குச்சித் தணல் போட்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று போடுங்கள். உப்பு படபடவென்று வெடிக்கும். படிகத்துக்குள் சிக்கியிருக்கும் நீர்த்துளி சூட்டில் ஆவியாகி அதை உடைக்கிற சத்தம் அது. கடுகும் தெறிக்கும், அதனால் ஓரடி தள்ளி நில்லுங்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

நெடி வரவில்லையென்றால் திருஷ்டி பலமாக இருந்தது என்பார்கள். கனன்று சிவந்த தணலில் மிளகாய் பற்றி எரிந்து போகும், நெடி குறையும். அரைத்தணலில் புகைந்துகொண்டே கிடந்தால் தெரு முழுக்க இருமும். எனவே நெடியை வைத்து அளவெடுப்பதானால் தணலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மிளகாயே வேண்டாம். வெறும் உப்பைச் சுற்றி ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட்டாலும் முறைதான். வைத்தீஸ்வரன் கோயிலில் நோய் தீர உப்பும் மிளகும் போடுகிற வேண்டுதலும் உப்பு கரைகிற மாதிரி வினை கரையட்டும் என்ற எண்ணத்தில்தான். குழந்தைக்குச் சுற்றிப் போட்ட பிறகும் காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

ஆரத்திக்கு ஒரு தட்டுத் தண்ணீரில் அரை ஸ்பூன் மஞ்சள் கரைத்து, சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கும். சிவக்கவில்லையா? சுண்ணாம்பு பழசு, அல்லது மஞ்சள் தூளில் கலப்படம். சுண்ணாம்பை மேலும் மேலும் போடாமல் மஞ்சளை மாற்றிப் பாருங்கள். சூடத்தை வெற்றிலையின் நடுவில் வைத்து ஏற்றுங்கள். சூடம் டப்பா எப்போதும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கல்கண்டு என்று நினைத்துச் சிறு துண்டை விழுங்கினால்கூட வலிப்பு வரும், அது விஷம்.

சாம்பிராணி

தணல் சாம்பல் பூத்த பிறகு பொடியைத் தூவுங்கள். கருகருவென்ற கரியில் போட்டால் கரிப்புகைதான் வரும், வாசனை வராது. ஒரு கைப்பிடித் தணலுக்கு ஒரு ஸ்பூன் சாம்பிராணி, கால் ஸ்பூன் வெண்கடுகு, நொறுக்கிய காய்ந்த வேப்பிலை நாலைந்து. பூஜையறையில் தொடங்கி எல்லா அறையும் சுற்றி, கதவிடுக்கு, பரண் மூலையெல்லாம் காட்டி, வாசலில் முடியுங்கள். காட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். புகை உள்ளேயே நிற்க வேண்டும் என்று அடைத்துவிட்டு, தூபக்காலை அறையில் வைத்துத் தூங்கப் போவது உயிருக்கே ஆபத்து. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

எடுத்ததை எங்கே போடுவது?

உப்பும் படிகாரமும் நிறையத் தண்ணீரில் கரைத்துச் சாக்கடைக்கு. ஆரத்தித் தண்ணீர் வாசல் ஓரத்தில், நடைபாதையை விட்டுத் தள்ளி. சுண்ணாம்பு கலந்தது என்பதால் செடிக்கும் வேண்டாம், வெறுங்காலோடு நடக்கிற வழியிலும் வேண்டாம். எலுமிச்சை, மிளகாய், மாவிலை, கிழங்கு எல்லாம் மக்கும் குப்பை. நூலையும் கம்பியையும் கழற்றிவிட்டுப் போடுங்கள், மாடு தின்றால் குடலில் சிக்கும். முச்சந்தியில் கொண்டுபோய்ப் போடுவது வழக்கம்தான், ஆனால் அது இன்னொருவர் வாசலாக இருக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆயுத பூஜைக்கும் அமாவாசைக்கும் பூசணியைத் தலையில் சதுரமாக வெட்டி, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, மேலே சூடம் ஏற்றிச் சுற்றி உடைக்கிறோம். குங்குமத்தோடு சேர்ந்த அந்தச் சதை தார்ச்சாலையில் எண்ணெய் கொட்டியது போல வழுக்கும், இரவில் பைக்கில் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. நடுத்தெருவில் உடைக்காமல் வாசலோரத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து அதன் மேல் உடையுங்கள். சூடம் அணைந்ததும் சாக்கை நாலு முனையும் சேர்த்துத் தூக்கினால் காயும் சில்லறையும் ஒன்றாக வந்துவிடும். தெறித்த துண்டுகளை விளக்குமாற்றால் தள்ளி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கால் கழுவிக்கொண்டு உள்ளே போகலாம்.